சாய்வு பூஜ்யம்

அந்தப் பெண் என்னை மன்னிக்க வந்திருந்தாள். நான் செய்யாத ஒரு காரியத்துக்காக.

நான் செய்த காரியம் வேறு. அது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. மதுரையில் ஆஸ்பத்திரி ஒன்றின் மரபணு ஆலோசனை மையத்தில் பதினைந்து வருஷமாக ஆலோசகர். பெயர்தான் ஆலோசகர். ஆலோசனை சொன்னால் வேலை போய்விடும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு என்ன நோய், பிழைக்க எத்தனை சதவீதம், என்ன வைத்தியம் இருக்கிறது, இதையெல்லாம் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது குற்றம். சொல்ல நினைப்பது முகத்தில் தெரிந்தாலும் குற்றம்.

அதைப் பிடிக்கத்தான் மேஜைமேல் சாய்வுமானி. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. குரல் எங்கே இறங்குகிறது, புருவம் எப்போது நெளிகிறது, எந்த எண்ணைச் சொல்லும்போது மூச்சு நீள்கிறது, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கும். வந்தவர்கள் எழுந்து போனதும் ஓர் எண்ணைக் காட்டும். பூஜ்யம் என்றால் நீங்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. பன்னிரண்டைத் தாண்டினால் விசாரணை. இரண்டாவது தடவை தாண்டினால் உரிமம் ரத்து.

சட்டம் சும்மா வரவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஓர் ஆலோசகர், நோயின் பெயரைச் சொல்லும்போதே உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கி நானூறு தம்பதிகளைக் கருக்கலைப்புக்கு அனுப்பியிருந்தார். அதில் பாதிப் பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கக்கூடியவை. விஷயம் வெளியே வந்தது. ஊர் கொந்தளித்தது. பெட்டி வந்தது.

எனக்கும் பெட்டிக்கும் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. என் வருடாந்திரச் சராசரி இரண்டு. எங்கள் மேலதிகாரி பூரணலிங்கம், புதிதாகச் சேருகிறவர்களை என் அறையில் கொண்டுவந்து உட்காரவைப்பார். "பால்காரம்மா மாதிரி இருக்கணும். பாலை ஊத்தணும், போயிடணும். அவங்க காபி போடுறாங்களா, தயிருக்கு உறை ஊத்துறாங்களான்னு எட்டிக்கூடப் பாக்கக் கூடாது" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

அந்தப் பெருமையோடுதான் தவசிமணியையும் தேனுகாவையும் சந்தித்தேன்.

*

ஆண்டிபட்டிப் பக்கம் அவர்களுக்கு. அவன் தேங்காய் மண்டியில் சூப்பர்வைசர். அவள் அவனுடைய கூடப்பிறந்த அக்காவின் மகள். அவள் அவனை மாமா என்று கூப்பிட்டது கல்யாணத்துக்குப் பிறகு வந்த மரியாதை இல்லை. பிறந்ததிலிருந்தே அவன் அவளுக்கு மாமாதான். தொலைக்காட்சியில் எத்தனை விளம்பரம் போட்டும், கல்யாணத்துக்கு முன் ரத்தம் பாருங்கள் என்று எத்தனை முகாம் நடத்தியும், அந்தக் குடும்பத்தில் அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. வெளியே கொடுத்தால் உறவு விட்டுப்போகும் என்று அக்காளே பிடிவாதமாக நடத்திவைத்த கல்யாணம்.

ஒரே பழுது இரண்டு பேர் ரத்தத்திலும் இருந்தது. மூத்த பெண் நட்சத்திரா, ஒன்பதாவது மாசம் தவழ்வதை நிறுத்தினாள். பிறகு கழுத்து நிற்கவில்லை. பிறகு விழுங்க முடியவில்லை. இரண்டு வருஷம் எட்டு மாசத்தில் மூச்சும் நின்றது.

இப்போது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அதே நோய். அறிக்கை என் கையில். அது திங்கட்கிழமை. கலைப்பதானால் சட்டம் அனுமதிக்கும் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை.

தவசிமணி ஒன்றே ஒன்று கேட்டான். மூத்தவளுக்கு ஆனதேதான் இதற்கும் ஆகுமா? நான் விளக்கினேன். அப்போது இல்லாத ஊசி ஒன்று இப்போது இருக்கிறது. பிறந்த இருபது நாளுக்குள் ஒரே ஒரு தடவை போடுவது. பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்குப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் நடப்பார்கள், கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் நடப்பார்கள். மீதி நாலு பேருக்கு நோய் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

பத்துக்கு ஆறு என்பது கையேட்டில் இருந்த கணக்கு. என் தலைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நோயில் பல வகை உண்டு. இவர்களுடைய வகையில், அந்த ஊசி போட்டுக்கொண்ட ஏழு பிள்ளைகளை நான் அறிவேன். ஏழும் எங்கள் மையத்துக்கு வந்துபோனவை. அதில் ஐந்துக்கு ஊசி பிடிக்கவில்லை. இதைத் தலைமையகத்துக்கு எழுதியிருந்தேன். ஏழு பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, உறுதியாகாத தகவலைப் பெற்றோரிடம் சொல்வது சாய்வாகவே கருதப்படும் என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். நாலு வரி. கீழே கையெழுத்து.

எனவே பத்துக்கு ஆறு என்றேன். ஆறு என்ற இடத்தில் என் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

தேனுகா ஒரு நிமிஷம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்களா இருந்தா என்னக்கா செய்வீங்க?"

"முடிவு உங்களோடதும்மா. எந்த முடிவு எடுத்தாலும் மையம் துணைக்கு நிக்கும்."

"அது இருக்கட்டும்க்கா. நீங்களா இருந்தா?"

அதே பதிலை, அதே வரிசையில், அதே குரலில் இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க மாமா."

அவன் தரையைப் பார்த்தபடி, "சொமக்கிறவ நீ. ஒன் இஷ்டந்தான் புள்ள" என்றான்.

மனைவியைக் கட்டாயப்படுத்தாத நல்ல கணவன் என்று அவர்கள் கோப்பில் குறித்துக்கொண்டேன். அவர்கள் போனதும் பெட்டியைப் பார்த்தேன். பூஜ்யம்.

*

வியாழக்கிழமை மத்தியானம் தேனுகா மறுபடி வந்தாள். அறைக்குள் வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களெல்லாம் அங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அங்கே நின்றுகொண்டு வாட்ச்மேனிடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். தவசிமணி சூடம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அவள் கையில் ஒரு துணிப்பை.

பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்களாம். ஒரு தாளில் வெள்ளை அரளி, இன்னொரு தாளில் செவ்வரளி. மடித்து, சாமி முன்னால் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பெற்றுக்கொள்வது. சிவப்பு வந்தால் நாளைக்கு அட்மிஷன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சாமியிடம் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்கக் கூடாது, அதற்காக.

பொட்டலம் கட்ட ஒரு ஆள் வேண்டும். அது நான்தான் என்றாள்.

"நான் வேதக்காரிம்மா" என்றேன்.

"அதான்க்கா வேணும். எங்க சாமிக்கு நீங்க வேண்டியவுகளும் இல்ல, வேண்டாதவுகளும் இல்ல."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கடைப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். ஒங்க மனசுல என்ன இருக்கோ அந்தப்படி கட்டுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். ஒங்க பொட்டிக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுப் பையை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

பையைத் திறந்தேன். இரண்டே இரண்டு பூ போதும் என்ற இடத்தில், இரண்டு நிறத்திலும் கை நிறையப் பூ இருந்தது.

எனக்கு விளங்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. விளங்கியது. இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறத்தை வைத்துக் கொடு என்கிறாள். நீ வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடு என்கிறாள். எந்த விதியிலும் பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே கேமராவும் இல்லை. என் மனசில் ஏழும் ஐந்தும் இருந்தன. இரண்டு செவ்வரளியை எடுத்து மடிக்க எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

ஒரு வெள்ளை எடுத்தேன். ஒரு சிவப்பு எடுத்தேன். என் குறிப்பேட்டில் இரண்டு தாள் கிழித்து, ஒரே அளவாக, ஒரே மாதிரி மடித்தேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயமா? பயமே இல்லை. என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு நானே தேடிக் கண்டுபிடித்த காரணங்கள்.

தவசிமணி சூடத்தோடு வந்தான். பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டான். தேனுகா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான்கு நாளாக அந்த முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. கண்ணாலேயே எனக்கு ஒரு நன்றி சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு முழு இரவு பாக்கியிருந்தது. ஒரு போன் போதும். தவசிமணி இன்னொரு பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வைகையில் விட்டுவிடுவதாகச் சொன்னான். நான் தலையசைத்துவிட்டு அடுத்த தம்பதியைப் பார்க்க உள்ளே போனேன்.

*

பையன் பிறந்தான். துருவன் என்று பெயர் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். பிடிக்கவில்லை.

நான் அவனை மூன்று தடவை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அவனைப் பயிற்சிக்குத் தூக்கிவருவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் பின்பக்கத்து மாடிப்படியில் ஏறப் பழகிக்கொண்டேன். சராசரி தொடர்ந்து இரண்டுதான். ஒரு வருஷம் ஒன்று.

போன மாசம் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்து ஒரு பெண் உட்கார்ந்தாள். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேனுகாவின் முன்நெற்றியில் நரை. நாலு வருஷத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது.

மையம் கடனாகக் கொடுத்திருந்த மூச்சுக் கருவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்களாம். தவசிமணி ஸ்டோர் கவுண்டரில் கையெழுத்துக்கு நிற்கிறான். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். கருவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வருத்தம் தெரிவித்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாலு வருசமா ஒங்களத்தான்க்கா வைஞ்சேன்" என்றாள், ஏதோ நலம் விசாரிப்பதுபோல. "சளி எடுக்கைல வைவேன். டியூபு மாத்தைல வைவேன். அவளுக்கென்ன, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையக் கட்டிக் குடுத்துட்டு ஏசி ரூம்புல ஒக்காந்துருக்கான்னு."

என் டீயை நான் கீழே வைத்தேன்.

"மாமாவ ஒரு வார்த்த சொன்னதில்ல. கட்டிக் குடுத்த எங்கம்மாவையும் சொன்னதில்ல. வந்த கோவமெல்லாம் ஒங்களுக்குத்தான். நீங்க என்ன செய்வீங்க, நாந்தான ஒங்க மனசுல உள்ளபடி கட்டுங்கன்னு கேட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் கட்டியிருப்பீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "புள்ள போயி நாப்பது நாளாச்சு. இனிமே யாரப் போயி வைய? அதான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

ஒரே ஒரு வாக்கியம் போதும் எனக்கு. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, எடுத்தது உன் கை. அத்தனையும் உண்மை. கையேட்டின்படி சொல்ல வேண்டிய முழுத் தகவல். சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். இத்தனை வருஷமாக எனக்கு விழுந்த வசவு பூராவும், அந்த நிமிஷமே மேஜைமேல் கிடந்த அவளுடைய வலது கைமேல் போய் விழும். குழாய் மாற்றி மாற்றி விரல் முனையெல்லாம் தோல் உரிந்துகிடந்த கை.

அவள் காத்திருந்தாள். என் பதிலுக்குத்தான் காத்திருந்தாள் என்று பட்டது.

"ஆமா தேனுகா" என்றேன். "ரெண்டும் வெள்ளைதான். நான்தான் அப்படிக் கட்டுனேன்."

என் வாழ்க்கையில் ஒருவருக்கு நான் சொன்ன முதல் ஆலோசனை அது. நாலு வருஷம் தாமதம். அதுவும் நான் நினைத்ததற்கு நேர் எதிர்.

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "ஃபேனு சுத்துனாச் சிரிப்பான்க்கா" என்றாள். "கரண்டு போனாக்கூட, சுத்திக்கிட்டே வந்து நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே சிரிப்பான்." பிறகு முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

*

அவள் போனதும் பக்கத்து மேஜையிலிருந்து தவசிமணி எழுந்து வந்தான். எப்போது வந்து உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. கையில் ஒப்படைத்ததற்கான ரசீது. அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீங்க ரெண்டும் வெள்ளை வெக்கல மேடம்."

நான் அவனைப் பார்த்தேன்.

"ஆத்துல விடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன். பிரிக்கக் கூடாதுதான். மனசு கேக்கல. செகப்பு இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

ரசீதை இரண்டாக மடித்தான். நாலாக மடித்தான். முதல் தடவை அவள் என்னை வைதபோதே சொல்ல வாயெடுத்தானாம். சொன்னால் அந்த வசவு எங்கே போகும் என்று யோசித்தானாம். ஒன்று, எடுத்த கைக்குப் போகும். இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வரும். அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டான். மறுநாளும் பேசவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

"ஒங்க பேர வெச்சுத்தான் மேடம் இத்தன நாளும் எங்க வீடு நின்னுச்சு" என்றான். "இப்ப நீங்க அப்படிச் சொல்லலேன்னா, இன்னைக்கோட விழுந்துருக்கும்."

கேன்டீன்காரர் என் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அவர் நகரும்வரை தவசிமணி காத்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"இப்பயாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு உண்மையிலயே ஒங்க மனசுல என்ன இருந்துச்சு?"

முடிவு உங்களோடது என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். விழுங்கினேன்.

"வேண்டாம்னுதான்" என்றேன். ஏழு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். ஐந்தைப் பற்றிச் சொன்னேன். தலைமையகத்தின் நாலு வரிக் கடிதத்தையும் சொன்னேன்.

மடித்த ரசீதைப் பிரித்துக்கொண்டே, "எனக்கும் அதேதான் மேடம்" என்றான். "மொத நாளே. மூத்தவ பட்டதப் பாத்தவன்ல. சொமக்கிறவ அவ, நாம சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன். அத ஒரு பெரிய மனுசத்தனம்னு நெனச்சேன்."

"அதைத்தான் நானும் உங்க கோப்புல எழுதி வெச்சேன்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"பெறகு அவன் பொறந்து, என் ஒத்த வெரலப் புடிச்சுக்கிட்டுக் கெடப்பான். புடி இருக்காது, சும்மா மேல கெடக்கும். அப்பல்லாம், இவனப் போயி வேணாம்னு நெனச்சமேன்னு..."

அப்போது நினைத்தது தப்பா, சொல்லாமல் விட்டது தப்பா, இரண்டில் எது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல என்னையே பார்த்தான். என்னிடம் சதவீதம் எதுவும் இல்லை.

தேனுகா முகத்தைத் துடைத்தபடி வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் அம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

தவசிமணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அடுத்தவர் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.